பெயரில்லாப் பட்டாளம்: முத்திரையற்ற பொம்மைச் சிப்பாய்கள், பீரங்கிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தெரிந்தவர் ஒருவருக்கு அவருடைய தாத்தா சேர்த்து வைத்திருந்த பொம்மைச் சிப்பாய்கள் வந்து சேர்ந்தன. ஒரு மர அலமாரி நிறையச் சிப்பாய்கள், கூடவே நான்கு சிறு பீரங்கிகள். அசல் பெட்டி ஒன்றுகூட இல்லை, ரசீதும் இல்லை. உடன்பிறந்தவர்களோடு பங்கு பிரிப்பதற்கு முன்னால் எது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. குடும்பத்தில் இரண்டு நம்பிக்கைகள் வழிவழியாக இருந்தன. எல்லாமே இங்கிலாந்தில் செய்தவை என்பது ஒன்று. எல்லாமே முதல் உலகப் போருக்கு முந்தையவை என்பது மற்றொன்று.

அடியில் பெயர் பொறித்தவற்றை முதலில் ஒதுக்கி வைத்தோம். அவற்றில் பெரிய வேலை இல்லை. மிச்சமிருந்தவைதான் இந்த ஆய்வின் பொருள்: எழுத்தே இல்லாதவை, எழுத்து இருந்து தேய்ந்தவை, யாரோ அரத்தால் ராவி அழித்தவை. இந்த மூன்றும் ஒன்றல்ல. சாய்வான வெளிச்சத்தில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் அரம் பட்ட இணைகோடுகள் பளிச்சென்று தெரியும். அப்படி இரண்டு சிப்பாய்கள் அகப்பட்டார்கள். அசல் பொம்மையை அச்சாக வைத்து மறுவார்ப்பு செய்பவர்கள், அதோடு சேர்ந்து பதிந்துவிடும் முத்திரையை மறைக்கச் செய்யும் வேலை இது. உலோகம் ஆறும்போது சுருங்குவதால் மறுவார்ப்பு அசலைவிட ஒரு மயிரிழை சிறிதாக இருக்கும். பித்தான்களும் மூக்கும் மழுங்கியிருக்கும். வரிசையில் நிற்கவைத்துப் பார்த்ததில் இரண்டும் அப்படித்தான் இருந்தன. அவற்றைத் தனிப் பெட்டியில் போட்டாயிற்று.

முத்திரை இல்லாவிட்டால் மிகப் பழையது என்று நினைப்பவர்கள் அதிகம். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகு இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்பதை வைத்து, பெயர் இல்லாவிட்டால் அதற்கு முந்தையது என்று கணக்குப் போடுகிறார்கள். பொம்மைச் சிப்பாய் விஷயத்தில் இது செல்லாது. பல தயாரிப்பாளர்கள் பெட்டியில் மட்டும் அச்சிட்டார்கள். பெட்டி குப்பைக்குப் போனதும் சாட்சியும் போய்விட்டது.

இன்னொரு வழக்கம், சீருடையைப் பார்த்து வயது சொல்வது. சீருடை ஒரு கீழெல்லையைத்தான் தரும், மேலெல்லையைத் தராது. பிரிட்டிஷ் படையின் கிண்ண வடிவ எஃகுத் தொப்பி 1915இல் வந்தது, அதை அணிந்த பொம்மை அதற்கு முன் இருக்க முடியாது. ஜெர்மானிய எஃகுத் தொப்பி 1916இல் வந்தது, அமெரிக்கர்களின் எம்1 தொப்பி 1941இல். ஆனால் சிவப்புக் கோட்டும் கரடித்தோல் தொப்பியும் போட்ட காவற்படை வீரனை 1895இலும் செய்தார்கள், 1965இலும் செய்தார்கள். சிவப்புக் கோட்டை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த அலமாரியில் கிண்ணத் தொப்பி போட்ட காக்கிச் சிப்பாய்கள் ஒரு டஜனுக்கு மேல் நின்றிருந்தார்கள். குடும்பத்தின் இரண்டாவது நம்பிக்கை அங்கேயே விழுந்துவிட்டது.

ஆகவே ‘இது யாரைக் காட்டுகிறது’ என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, ‘இதை எப்படிச் செய்தார்கள்’ என்று தொடங்கினோம். கருவிகள் எளியவை: சமையலறைத் தராசு, காந்தம், உருப்பெருக்கிக் கண்ணாடி, அளவுகோல், புற ஊதா டார்ச், வெள்ளைத் தாள். ஈயக் கலவையின் மழுங்கிய விளிம்பைத் தாளில் மெல்ல இழுத்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு விழும். துத்தநாகக் கலவை அப்படிக் கோடு போடாது. காந்தம் ஒட்டினால் இரும்பு அல்லது தகரம். உலோகம்தான், ஆனால் கையில் எடுத்தால் எடையே இல்லை என்றால் அலுமினியம். இந்த முதல் சலிப்பிலேயே கும்பல் ஏழெட்டுக் குவியலாகப் பிரிந்துவிட்டது. கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை: பழைய பூச்சிலும் உலோகத்திலும் ஈயம் உண்டு. சுரண்டவோ உப்புத்தாள் போடவோ கூடாது, வேலை முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும்.

பெரிய குவியல், உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்கள். 1893இல் லண்டனில் பிரிட்டன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முறை இது. ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி கலந்த உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றுவார்கள். அச்சின் சுவரை ஒட்டி மெல்லிய தோல் இறுகியதும் மிச்சத்தை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. அதுவரை சந்தையை வைத்திருந்த ஜெர்மானியத் திடவார்ப்புச் சிப்பாய்களுக்கு அது பெரிய அடி. நமக்கு இதில் பயன்படுவது ஒரு சின்னத் துளை: தொப்பியின் உச்சியிலோ காலடியிலோ ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். அது இருந்தால் உள்ளீடற்ற வார்ப்பு என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் உள்ளீடற்ற வார்ப்பு என்றாலே பிரிட்டன்ஸ் என்று ஆகிவிடாது. ஜான் ஹில் என்ற நிறுவனம் ‘ஜோஹில்கோ’ என்ற பெயரில் இதையே செய்தது. சார்பென்ஸ், கிரெசென்ட், செரிலியா என்று பட்டியல் நீளும். பெயர் போடாத சின்னப் பட்டறைகளும் இருந்தன. தோளில் ஒரு முளை வைத்து ஆடும் கையை மாட்டும் உத்தியைப் பலரும் பின்பற்றினார்கள். ஆடும் கையை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

இங்கே உதவியது அடித்தட்டு. பிரிட்டன்ஸின் தொடக்ககாலக் காலாட்படையினர் வட்டமான அல்லது நீள்வட்டமான தட்டில் நிற்பார்கள். 1907 வாக்கில் அது செவ்வகமாக மாறுகிறது. போட்டியாளர்கள் தங்கள் உருவங்களைத் திருடி வார்க்கிறார்கள் என்று அந்த நிறுவனம் வழக்குப் போட்ட காலத்தில், 1900ஐ ஒட்டி, அடியில் காப்புரிமைத் தாள் ஒட்டத் தொடங்கினார்கள். பிறகு எழுத்தை அச்சிலேயே செதுக்கினார்கள். செதுக்கிய தேதியைப் பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. அடியில் 1901 என்று இருந்தால் அந்த உருவத்தின் அசல் வடிவம் அந்த ஆண்டுக்குரியது என்று பொருள். அதே அச்சில் பல ஆண்டுகள் கழித்தும் வார்த்திருப்பார்கள்.

நம் குவியலில் நீள்வட்டத் தட்டில் நின்ற எட்டுச் சிவப்புக்கோட்டுக் காலாட்படையினர் இருந்தார்கள், எழுத்து எதுவும் இல்லை. ஆனால் மூவரின் அடியில் பழுப்பேறிய பசைத்தடம் நாற்சதுரமாகத் தெரிந்தது. ஒருவரின் அடியில் கிழிந்த தாளே மிச்சம் இருந்தது. புற ஊதா வெளிச்சத்தில் அந்தத் தாள் மங்கலாகவே கிடந்தது, ஒளிரவில்லை. இது முக்கியம். தாளிலும் பூச்சிலும் வெண்மை கூட்டும் வேதிப்பொருள்கள் 1950 வாக்கிலிருந்துதான் பரவலாயின, அவை நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். புதிதாகத் தாள் ஒட்டி ஏமாற்றியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். நீள்வட்டத் தட்டு, பசைத்தடம், ஒளிராத தாள், 54 மி.மீ. உயரம், தோள்முளை என்று ஐந்தும் ஒரே பக்கம் காட்டியதால் இந்த எண்மரை 1907ஐ ஒட்டிய அல்லது அதற்கு முந்தைய பிரிட்டன்ஸ் என்று பதிவு செய்தேன். இந்த அலமாரியில் ‘உறுதி’ என்ற சொல்லை நான் மனமார எழுதிய முதல் இடம் அது.

அதே வரிசையில் ஒன்பதாவதாக ஒருவர் நின்றார். உடல் அதே, தட்டு அதே. தலை மட்டும் கொஞ்சம் பெரிது, முகத்தின் இளஞ்சிவப்பும் வேறு. கழுத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் உலோகத்துக்கு நடுவே மர நார் தெரிந்தது. தலை முறிந்த உள்ளீடற்ற சிப்பாயின் கழுத்தில் தீக்குச்சியைச் செருகித் தலையைப் பொருத்துவது அந்தக் காலத்து வீட்டு வைத்தியம். இவருக்கு வேறு யாருடைய தலையோ வந்து சேர்ந்திருக்கிறது. விற்பனைக்கு என்றால் மதிப்பு குறையும். எனக்கென்னவோ வரிசையிலேயே பிடித்தவர் இவர்தான். தீக்குச்சியை அப்படியே விட்டுவிட்டோம். அதை எடுத்துப் புதுப்பசை போட்டால் ஒரு சாட்சியம் அழியும்.

கிண்ணத் தொப்பிக் காக்கிச் சிப்பாய்கள் செவ்வகத் தட்டில் நின்றார்கள், எழுத்து இல்லை, வார்ப்பும் சற்று முரடு, இரு அச்சுகளும் சேர்ந்த கோடு தொடையில் வழித்தெடுக்கப்படாமல் நீண்டிருந்தது. பிரிட்டன்ஸ் செவ்வகத் தட்டுக்குப் போன காலத்தில் அடியெழுத்து வழக்கமாகிவிட்டது. ஆகவே இவர்களை ‘பிரிட்டன்ஸ் அல்லாத ஆங்கில உள்ளீடற்ற வார்ப்பு, 1915க்குப் பிந்தையது’ என்று எழுதினேன். மேலெல்லையும் கிடைத்தது. பிரிட்டன்ஸ் 1966இல் ஈய வார்ப்பை நிறுத்தியது, மற்றவர்களும் அந்தக் காலத்துக்குள் நெகிழிக்கு மாறிவிட்டார்கள். இதற்கு மேல் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்ல ஆசைதான். ஆசை சாட்சியம் ஆகாது.

அடுத்த குவியல் கையில் எடுத்தவுடனே வேறு. சிறிய உருவம், எடை அதிகம், மென்மையான உலோகம், கணுக்காலும் துப்பாக்கியும் வளைந்தவை. துளை இல்லை. தலைகள் தனியாக வார்த்துக் கழுத்தில் செருகப்பட்டவை. தோரணைகளோ எக்கச்சக்கம்: மண்டியிடுபவர், ஏணி தூக்குபவர், கஞ்சி காய்ச்சுபவர், குதிரையிலிருந்து விழுபவர். ஆங்கிலேயர்கள் அணிவகுப்பைச் செய்தார்கள், ஜெர்மானியர்கள் முகாமையே செய்தார்கள் என்று பொதுவாகச் சொல்லலாம். டிரெஸ்டனின் கேயோர்க் ஹைடே நிறுவனம் இந்த வகையில் பேர்போனது. அவர்கள் சிப்பாயின் மேல் பெயர் போடும் வழக்கமே இல்லை. அவர்களின் தொழிற்சாலை 1945இல் நகரத்தோடு சேர்ந்து குண்டுவீச்சில் அழிந்தது. ஆனால் அதே பாணியில் செய்த வேறு ஜெர்மன் பட்டறைகளும் உண்டு. பதிவேட்டில் ‘ஹைடே பாணி, ஜெர்மனி’ என்றே எழுதினேன். ‘பாணி’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டு விற்பனைப் பட்டியல் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எப்படியும் குடும்பத்தின் முதல் நம்பிக்கையும், அதாவது எல்லாமே இங்கிலாந்து என்பதும், இந்தக் குவியலோடு போய்விட்டது.

சிறு குவியல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகம் கனமே உள்ள தட்டை உருவங்கள், 30 மி.மீ. உயரம்: அது நூரம்பெர்க்கில் ஹைன்ரிக்சன் நிறுவனம் நிலைநிறுத்திய அளவு, தட்டின் ஓரத்தில் செதுக்கியவரின் ஒற்றை எழுத்து இருக்கிறதா என்று தேட வேண்டும். இங்கே இல்லை. ஒரே தோரணையில் நின்ற, உலோகம் ஊற்றிய காம்பு அடியில் அப்படியே மிஞ்சிய திடச் சிப்பாய்கள்: வீட்டில் அச்சு வாங்கி வார்த்தவை. அச்சு விற்ற நிறுவனத்தைத் தேடலாம், ஆனால் வார்த்தவர் தாத்தாவாகவே இருக்கலாம். அலுமினியக் குதிரைவீரர் இருவர்: பிரான்சின் கிராலு, அல்லது அதன் வடிவங்களை வாங்கி இங்கிலாந்தில் வார்த்த வெண்டால்.

பெரிய உருவங்கள் மூன்று, 7 செ.மீ. உயரம், உலோகம் இல்லை. ஒருவரின் காலில் நெடுக்காக வெடிப்பு, உள்ளே துருப்பிடித்த கம்பி. மரத்தூளும் பசையும் களிமண்ணும் குழைத்துக் கம்பி எலும்பின்மேல் அழுத்திச் செய்யும் முறை இது. லூட்விக்ஸ்பூர்கின் ஹௌசர் நிறுவனம் ‘எலாஸ்டோலின்’ என்ற பெயரில் இதைப் புகழ்பெறச் செய்தது, லீனியோல் அதன் போட்டியாளர். இரண்டும் பெரும்பாலும் தட்டில் பெயர் போடும். இவற்றில் பெயரே இல்லை, ராவிய தடமும் இல்லை. பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் இதே முறையில் செய்தார்கள். ஆகவே ‘ஐரோப்பியக் கலவைப் பொம்மை’ என்பதோடு நின்றேன். இவற்றில் தண்ணீர் படவே கூடாது. ஈரம் போனால் கம்பி துருவேறிப் பருத்து உடலைப் பிளக்கும்.

சரி, பீரங்கிகளுக்கு வருவோம். சிப்பாயைவிடப் பீரங்கி அதிகம் பேசும். ஏனென்றால் அதற்கு ஓர் அசல் உண்டு, அசலுக்கு அளவு உண்டு.

முதலாவது நீண்ட குழல், பெரிய ஆரக்கால் சக்கரங்கள், பின்புறம் சுருள்வில் நெம்புகோல். அசல் எது என்பதில் சந்தேகமில்லை: போயர் போர் எனப்படும் தென்னாப்பிரிக்கப் போரில் 1899இல் கப்பல் பீரங்கியைக் கரைக்கு இறக்கி, கேப்டன் பெர்சி ஸ்காட் வடிவமைத்த வண்டியில் ஏற்றிய 4.7 அங்குலப் பீரங்கி. அதன் குழல் நீளம் விட்டத்தைப் போல் 40 மடங்கு, அதாவது சுமார் 4.8 மீட்டர். 54 மி.மீ. சிப்பாயோடு பொருந்தும் 1:32 அளவில் (அசலில் 32இல் ஒரு பங்கு) அது 15 செ.மீ. ஆக வேண்டும். குழலின் துளை விட்டமோ 4 மி.மீ.க்கும் குறைவாக வர வேண்டும். நம் பொம்மையின் துளை அதைவிடப் பெரிது. இதில் வியப்பில்லை. குழந்தை கையால் குண்டு போட வேண்டுமே. துளை பெருத்திருந்தால் விளையாடச் செய்தது, துளை அளவுக்கு ஒத்திருந்தால் அலமாரிக்குச் செய்த மாதிரி. பீரங்கியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இந்த வகைப் பீரங்கியைப் பிரிட்டன்ஸ் பல பத்தாண்டுகள் விற்றது, 1264 என்ற எண்ணிலும் அது வந்தது. ஆகவே போயர் போர் பீரங்கி என்பதால் போயர் போர்க் காலப் பொம்மை ஆகாது. ஆரங்களின் எண்ணிக்கை, நெம்புகோலின் வளைவு, வால்பகுதியின் துளைகள் ஆகியவற்றை முத்திரை உள்ள ஒன்றின் படத்தோடு வைத்து ஒப்பிட்டதில் எல்லாம் ஒத்தன. ஆனால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தடிமனாக இரண்டாம் பூச்சு. பருத்திக்குச்சியால் பூச்சைக் கரைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார் உரிமையாளர். வேண்டாம் என்றேன். இரண்டாம் பூச்சைக் கரைக்கும் திரவம் முதல் பூச்சையும் விட்டுவைக்காது. சாய்வெளிச்சத்தில் பூச்சுக்கடியில் எழுத்தின் மேடு மெல்லத் தெரிந்தது. அதைப் படமெடுத்து வைத்தோம், அது போதும்.

இரண்டாவதுதான் என்னை அதிகம் வேலை வாங்கியது. கேடயத் தகடும் வட்டமான சுடுமேடையும் கொண்ட பிரிட்டிஷ் 25 பவுண்டர். அசல் 1940இல்தான் போர்க்களம் கண்டது, எனவே கீழெல்லை எளிது. இந்தப் பீரங்கியைப் பொம்மையாகச் செய்தவர்கள் பலர்: பிரிட்டன்ஸ் (பட்டியல் எண் 2026), கிரெசென்ட், டிங்கி என்ற இன்னொரு பொம்மை நிறுவனம் (எண் 686). அசலின் குழல் விட்டம் 87.6 மி.மீ., நீளம் 28 மடங்கு, சுமார் 2.45 மீட்டர். 1:32 என்றால் குழல் 77 மி.மீ. வரும், டிங்கியின் 1:60 என்றால் 41 மி.மீ. தான். நம்முடையது எழுபதைத் தாண்டியது, டிங்கி கழிந்தது. வால்பகுதியில் நுண்வெடிப்புகள், விளிம்பு லேசாக உப்பல். துத்தநாக அச்சுவார்ப்பில் ஈயம் போன்ற மாசு சிறிது கலந்துவிட்டால் ஆண்டுகள் போகப்போக உலோகம் உள்ளிருந்தே வெடிக்கும். தாளில் இழுத்தேன், கோடு விழவில்லை, துத்தநாகம் என்பது உறுதி. ஆனால் சக்கரத்தின் விளிம்பை இழுத்ததும் சாம்பல் கோடு! சக்கரம் கழற்றக்கூடியது, பூச்சு ஏற்கெனவே போய்விட்டது என்பதால் அதைத் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்தோம். அடர்த்தி 10ஐ ஒட்டி வந்தது. துத்தநாகக் கலவை என்றால் 6.7 அளவில்தான் நிற்கும். ஆக சக்கரங்கள் ஈயம், வேறொரு வண்டியிலிருந்து வந்தவை. அச்சாணித் துளையில் புதிதாகக் குடைந்த பளபளப்பும் அதையே சொன்னது. பிரிட்டன்ஸா கிரெசென்டா என்று முடிவுசெய்யச் சக்கரத்தை நம்பியிருந்தால் தடம் மாறியிருக்கும். சக்கரத்தை விட்டுவிட்டு உடலை மட்டும் பார்த்தால் கிரெசென்டுக்கு அதிகம் ஒத்துப்போகிறது. ‘நெருங்கிய ஊகம், சக்கரம் மாற்றப்பட்டது’ என்று எழுதினேன்.

மூன்றாவது தகரப் பீரங்கி, நாக்கும் பிளவும் மடித்துச் சேர்த்தது, பொட்டுவெடி வைத்துச் சுடும் சுத்தியல் உண்டு. அடியில் ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்று முத்திரை. இதைத் தயாரிப்பாளரின் பெயர் என்று எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஜெர்மன் அரசின் பயன்பாட்டு வடிவப் பதிவுக் குறி, 1891இலிருந்து வழங்கியது. நாடும் காலத்தின் வெளிவரம்பும் தெரிந்துவிடும், பெயர் தெரியாது.

நான்காவது பித்தளைக் குழல், தேக்கு நிற மரவண்டி, பார்க்க மிகப் பழையது. குடும்பத்தார் இதைத்தான் பொக்கிஷம் என்று நினைத்திருந்தார்கள். வண்டியைக் கவிழ்த்தால் நட்சத்திரத் தலைத் திருகாணிகள். அந்த வகை ஆணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. பிற்காலத்தில் மாற்றியிருக்கலாமே என்ற வாதம் நியாயமானது, ஆகவே ஆணியோடு நிறுத்தவில்லை. குழலைத் தாங்கும் பக்கமுளைகள் சரியாக நடுக்கோட்டில் இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அசல் பீரங்கிகளுக்கு அவை நடுக்கோட்டுக்குக் கீழே இருந்தன. வாய்முகப்பின் அலங்காரமோ அந்த நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. தீ வைக்கும் துளை வெறும் குழிதான், உள்ளே போகவில்லை. அலங்காரப் பொருள், சந்தேகமே வேண்டாம். ஒருவேளை துளை உள்வரை போயிருந்தால் பேச்சே வேறு. அப்படிப்பட்டதைப் பல நாட்டுச் சட்டங்கள் துப்பாக்கியாகவே பார்க்கும், வெடித்துப் பார்ப்பது உயிருக்கும் ஆபத்து.

இடையில் ஒரு பராமரிப்புச் சிக்கலும் தெரிந்தது. கீழ்த்தட்டில் நின்ற ஈயச் சிப்பாய்களின் மேல் வெண்பொடி படிந்திருந்தது. மரம், குறிப்பாக ஓக், வெளியிடும் அமில ஆவியில் ஈயம் இப்படி அரிக்கும். மூடிய மர அலமாரி அதற்கு ஏற்ற இடம். பொடி படிந்தவற்றைத் தனியே பிரித்து, எல்லாவற்றையும் அமிலம் இல்லாத தாளில் சுற்றி பாலிபுரொப்பிலீன் பெட்டிகளுக்கு மாற்றச் சொன்னேன். பொடியை ஊதக் கூடாது, அது ஈயக் கார்பனேட்.

பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகளில் ஒன்றைப் போட்டோம்: உறுதி, நெருங்கிய ஊகம், நாடும் முறையும் மட்டும், திறந்த கேள்வி. பக்கத்திலேயே காரணத்தையும் எழுதினோம்: தட்டு, துளை, கோடு, எடை, ஒளிர்வு. அடிப்பாகத்தின் படம் ஒவ்வொன்றுக்கும் கட்டாயம். எண்ணைப் பொம்மையின் மேல் எழுதாமல் சுற்றிய தாளில் எழுதினோம். பங்கு பிரிக்கும்போது நீள்வட்டத் தட்டு எண்மரைப் பிரிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன், வரிசையாக இருந்தால்தான் அவர்களுக்கு மதிப்பு. தீக்குச்சிக் கழுத்துக்காரரை யார் எடுத்துக்கொள்வது என்பதில் உடன்பிறந்தவர்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை.